மஞ்சள் மழைக்கோட்டுக்காரர்

பேண்ட்டின் மடிப்பை ஓரம் பிடித்து, இஸ்திரிப் பெட்டியை முழங்கால்வரை இழுத்து வந்திருந்தாள் சிஸ்டர். அந்த மடிப்பின் மேலேயே தொப்பென்று ஒரு கோட்டு வந்து விழுந்தது.

"பெட்டியைத் தூக்கும்மா, கோட்டு எரிஞ்சிடப் போகுது," என்றாள் நாத்தனார். போட்டதும் அவள்தான், பதறியதும் அவள்தான்.

சிஸ்டர் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சாம்பல் நிறக் கோட்டு. தோளில் பஞ்சு வைத்துத் தைத்தது. காலரில் கடைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கணவருக்கு ஐம்பது வயது முடிந்த அன்று அவருடைய அக்காவான இந்த நாத்தனார் வாங்கிக் கொடுத்தது. வாங்கி நாலு வருஷம் ஆகிறது. ஒருநாள்கூட அதற்குள் அவர் கை நுழைத்தது கிடையாது.

"அண்ணி, யூனிஃபார்ம்னு நேத்தே முடிவு பண்ணிட்டோம் இல்ல?"

"நீ முடிவு பண்ணினே. நான் எப்ப பண்ணினேன்? முப்பத்தோரு வருஷம் அந்த நீலச் சட்டையில கிரீஸ் கறையோட அலைஞ்சான். போகும்போதும் அதேவா? நாலு பேர் பார்க்க வர்றாங்கம்மா."

"நாலு பேருக்கும் அவர் லிஃப்ட் மெக்கானிக்குன்னு தெரியும். கோட்டு மாட்டிவிட்டா அது நாடகம் மாதிரி இருக்கும். கடைசியாப் பார்க்கும்போது அவர் அவரா இருக்கணும் அண்ணி. எனக்கு அவ்வளவுதான் வேணும்."

நாத்தனார் கோட்டை எடுத்து நாற்காலி முதுகில் மாட்டினாள். தோள்களை நீவிவிட்டாள். அவள் பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தமில்லை என்பது இருபத்தெட்டு வருஷத்தில் சிஸ்டருக்குத் தெரியாதா என்ன?

உடலை வைத்திருந்த நிலையம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. உடுப்பு ஒரு மணிக்குள் வந்து சேர வேண்டும். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். இப்போது மணி பத்தரை.

அவர் போனது முந்தின நாள் மதியம். கஷ்டப்படவில்லை, கஷ்டப்படுத்தவும் இல்லை. ஐந்து மாதமாகவே இதயம் பெருத்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "எனக்குப் பெரிய மனசுன்னு நீதான் ஒருநாளும் சொன்னதில்லை, டாக்டராவது சொன்னாரே," என்று அதற்கும் சிரித்தவர் அவர். நேற்று சாப்பிட்டார், டீ குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், "கொஞ்சம் சாயறேன்," என்றார். சாய்ந்தவர்தான். இருபத்தாறு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த சிஸ்டர், இதைவிட நல்ல சாவை விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் பார்த்திருக்கிறாள். துக்கத்தின் நடுவே அதிலொரு நிம்மதி அவளுக்கு இருக்கத்தான் செய்தது.

சிஸ்டர் என்பது வேலையால் வந்த பெயர். ஆஸ்பத்திரியிலும் சிஸ்டர், தெருவிலும் சிஸ்டர், கட்டின புருஷனுக்கும் சிஸ்டர். "ஊரே சிஸ்டர்னு கூப்பிடுது, நான் மட்டும் வேற பேர்ல கூப்பிட்டா உனக்கே குழப்பமாயிடும்," என்பார். அவரை அவள் 'லிஃப்ட்காரரே' என்று கூப்பிடுவாள், கோபம் வந்தால் 'யோவ் லிஃப்ட்காரரே' என்று.

பிள்ளைகள் இல்லாத வீடு. சின்ன அறையில் எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு கம்ப்யூட்டர்கள், முதுகோடு முதுகு ஒட்டியபடி இரண்டு நாற்காலிகள். ஒன்பது வருஷமாகப் புருஷனும் பெண்சாதியும் ஒரே ஆன்லைன் விளையாட்டை, ஒரே குழுவில், ஒரே சண்டையோடு விளையாடி வந்தார்கள் என்றால் யார் நம்பப் போகிறார்கள்? குழுவில் பத்துப் பேர். இன்னொரு குழுவின் கோட்டையைப் பிடிப்பதும், பிடித்ததைக் காப்பதும்தான் விளையாட்டு. வெளியே நர்ஸாக இருந்தவள் அங்கே கேடயம் தூக்கிய தலைவி. வெளியே ஸ்பேனர் பிடித்தவர் அங்கே வைத்தியர், அடிபட்டவர்களைத் தொட்டு எழுப்புகிறவர். அவர் தொட்டால் எழாத ஆள் இல்லை. ஏதோ கைராசி என்றுதான் எல்லாரும் பேசிக்கொள்வார்கள்.

சண்டை என்று சொன்னேனே, அது கோட்டைச் சண்டை இல்லை. உடுப்புச் சண்டை.

அந்த விளையாட்டில் கவசம் என்பது சும்மா கிடைத்துவிடாது. மாதக்கணக்கில் உழைத்து, ஜெயித்துச் சேர்க்க வேண்டும். ஒருவரின் பலம் எவ்வளவு என்று மற்றவர்களுக்கு எண்ணாகத் தெரியாது. கவசத்தைப் பார்த்துத்தான் ஆளை எடை போட வேண்டும். அப்படிப்பட்ட கவசத்தின் மேல் 'ஸ்கின்' என்று ஒன்றைப் போர்த்திக்கொள்ளலாம். வெறும் தோற்றம்தான். பலம் கூடாது, குறையாது. ராஜா கவசத்தைப் பிச்சைக்காரக் கந்தலாகக் காட்டலாம், கந்தலை ராஜாவாகவும் காட்டலாம்.

இதை அனுமதித்ததே தப்பு என்பது சிஸ்டரின் கட்சி.

"எங்க தியேட்டர்ல பச்சை அங்கின்னா கத்தி பிடிக்கிறவர், நீலம்னா மயக்கம் கொடுக்கிறவர், ரோஸ்னா நாங்க. ஒரு தடவை சலவையில நிறம் மாறிப்போய், தரை துடைக்க வந்த அம்மாகிட்ட டாக்டர் கத்தரிக்கோல் கேட்டுட்டார். அவசரத்துல மூஞ்சியைப் பார்க்க நேரம் ஏது? துணியைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிஞ்சுக்கணும். உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணுன்னா அதுக்குப் பேர் ஏமாத்து. எதிரிக்கும் ஏமாத்து, கூட நிக்கறவங்களுக்கும் ஏமாத்து."

"முப்பது வருஷமா நீலச் சட்டை போடறேன் சிஸ்டர்," என்பார் அவர். "இருபத்திரண்டு மாடிக் கட்டடத்துல ஒரு ஆளுக்காவது என் மூஞ்சி தெரியுமா? சட்டையை மாத்திட்டு அதே லிஃப்ட்ல போனா 'எந்த மாடி சார்?'னு என்னையே கேக்கறாங்க. இங்கேயும் ஒரே மாதிரி பத்துத் தகர டப்பாவா நிக்கணுமா? ஜெயிச்சது என் கவசம். அதை மூடி வைக்கிறதும் என் இஷ்டம்."

"ஜெயிச்சவன் காட்டிக்கணும்யா," என்று பேக்கரிக்காரர் மைக்கில் குறுக்கே வருவார். அவர் வாளெடுத்துச் சண்டை போடுகிறவர். மாவு பிசைந்த கையோடு விளையாட வந்து, கீபோர்டு ஒட்டிக்கொள்கிறது என்று புலம்புகிறவர். வில்காரியான கணக்கு டீச்சர் மட்டும் இரண்டு பக்கமும் தலையாட்டுவாள். டீச்சர்களுக்கே உரிய சாமர்த்தியம் அது.

லிஃப்ட்காரர் சும்மாவும் இருக்க மாட்டார். ஒரு வாரம் கோணிச் சாக்கு. ஒரு வாரம் யாரோ பெரியம்மாவின் நைட்டி. கடைசி ஆறு வருஷம் நிலையாக மஞ்சள் மழைக்கோட்டு, முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டை, ரப்பர் செருப்பு. கோட்டை மதிலுக்கு நடுவே பால்காரர் வழி தவறி வந்ததுபோல் நிற்பார். எதிரிகள் பாய்ந்தால் சுருண்டு விழுவார். "சிஸ்டர்! சிஸ்டர்! போச்சு!" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து நிஜக் குரல் கேட்கும். அவள் வாசலை அப்படியே விட்டுவிட்டுக் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவருக்கு முன்னால் நின்று அத்தனை அடியையும் வாங்குவாள். "உங்களைக் காப்பாத்தறதே எனக்குப் பொழப்பாப் போச்சு," என்று கத்துவாள். பின்னாலிருந்து பதில் வராது. நாற்காலி மட்டும் கிறீச் கிறீச் என்று ஆடும்.

மணி பதினொன்றுக்குக் குழு கூடுவதாகச் சொல்லியிருந்தார்கள். குழுவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரேயடியாக விலகினால், மற்ற ஒன்பது பேரும் கோட்டை முற்றத்தில் வட்டமாக நிற்பார்கள். போகிறவர் நடுவே நின்று, போர்த்திய ஸ்கின்னை நீக்கி, உண்மையான கவசத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்து வணக்கம் சொல்ல வேண்டும். வேஷம் கலைக்கிறது என்று பெயர். "போற நேரத்துலயாவது உள்ளே யாருன்னு பார்த்துக்குவோம்," என்று இந்தச் சட்டத்தைப் போட்டதே சிஸ்டர்தான்.

மூன்று வாரம் முன்னால் படுக்கையில் இருந்தபடி அவர் பாஸ்வேர்டைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

"எனக்கும் வேஷம் கலைப்பீங்க இல்ல? நீயே வந்து கலை. ஆனா திட்டக்கூடாது. சத்தியம் பண்ணு."

"எதுக்குத் திட்டப்போறேன்?"

"முதல்ல சத்தியம்."

சத்தியம் செய்தாள். உள்ளே ஏதோ ஓட்டைத் தகரம் இருக்கிறது, அதைப் பார்த்தால் மானம் போகும் என்று பயப்படுகிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

இஸ்திரி போட்ட யூனிஃபார்மை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு, அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கிறீச்சென்றது. காதில் ஹெட்போனை மாட்டாமல் ஸ்பீக்கரையே திறந்துவைத்தாள். திரையில் மஞ்சள் மழைக்கோட்டு வந்து நின்றது. சுற்றிலும் எட்டுப் பேர். வட்டத்தில் அவளுடைய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"எல்லாரும் வந்தாச்சு சிஸ்டர்," என்றாள் கணக்கு டீச்சர். "நீங்க எப்ப தயாரோ அப்ப."

"தயார்தான். அவர் நல்லாப் போனார் டீச்சர். டீ குடிச்சிட்டுப் போனார்."

"எங்க கடை பன்னைத் தொட்டுக்கிட்டா?" என்றார் பேக்கரிக்காரர்.

"சர்க்கரை கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் பாதி தின்னார்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். சிஸ்டர் உடுப்புப் பட்டியலைத் திறந்து, 'தோற்றத்தை நீக்கு' என்பதை அழுத்தினாள்.

மழைக்கோட்டு மறைந்தது. அந்த இடத்தில் வெள்ளியும் நீலமுமாய் ஒரு கவசம் எழுந்து நின்றது. தோளில் ஏழு கோட்டை முத்திரைகள். நெஞ்சில் ஒரு விளக்கு மெதுவாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஏழுகோட்டைக் கவசம். வைத்தியர்கள் போடக்கூடியதிலேயே உச்சம் அது. பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாளே தவிர யார் மேலும் அவள் பார்த்ததில்லை. அதைப் போட்டவரை யானை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. அவளுடைய கேடயம் அதன் பக்கத்தில் அப்பளம்.

தப்பான ஆளின் கணக்கைத் திறந்துவிட்டோமோ என்று பெயரைச் சரிபார்த்தாள். அவர் பெயர்தான்.

"இது எப்படி? இவர்தான் தினமும் அடி வாங்கிச் சுருண்டு விழுவாரே!"

ஸ்பீக்கரில் டீச்சர் தொண்டையைச் செருமினாள்.

"சிஸ்டர், திட்டாதீங்க. எங்களுக்கு ஆறு வருஷமாத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க ட்யூட்டிக்குப் போற நாள்லதான் அதைச் சேர்த்தார். நாங்கதான் கூடப்போய் உதவினோம். அவர் விழவே இல்லை சிஸ்டர். அதுல படுக்கிற பட்டன் ஒண்ணு இருக்கு, சும்மா ஓய்வெடுக்க. அதை அமுக்குவார்."

மயக்கம் வந்ததுபோல் நடிக்கிற நோயாளியை இமையைப் பார்த்தே பிடித்துவிடுகிறவள் சிஸ்டர். பரீட்சைக்குப் பயந்து வயிற்றுவலி என்று வந்தவர்கள் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள்! அவளுடைய முதுகுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து ஒரு மனுஷன் ஆறு வருஷம் பட்டனை அமுக்கியிருக்கிறான்.

"எதுக்கு?" என்றாள்.

"நீங்க ஓடி வருவீங்க இல்ல, அதுக்குத்தான்," என்றார் பேக்கரிக்காரர். "நான் ஒரு தடவை கேட்டேன், ஏன்யா இவ்வளவு பெரிய கவசத்தை வெச்சுக்கிட்டு மழைக்கோட்டுல திரியறீங்கன்னு. 'பகல் பூரா ஊரைத் தூக்கி மேல விடறேன், இறக்கி விடறேன். எவனாவது மாட்டிக்கிட்டா நான்தான் ஓடணும். எனக்குன்னு ஒருத்தி கேடயத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றா பாரு, அதைப் பார்க்கணும். கவசம் தெரிஞ்சா வருவாளா?'ன்னார். அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கலை."

"யோவ் லிஃப்ட்காரரே!" என்று கத்தினாள் சிஸ்டர். சத்தியமெல்லாம் பறந்துபோனது. "ஃப்ராடு! நாடகக்காரர்! ஆறு வருஷமாய்யா? உங்களுக்காக எத்தனை தடவை வாசலைக் கோட்டை விட்டேன்!"

"பதினாலு கோட்டை போச்சு," என்றாள் கணக்கு டீச்சர். பழக்க தோஷம்.

அவ்வளவுதான், சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். நேற்று மதியத்திலிருந்து வராத அழுகை அந்தச் சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. இரண்டையும் நிறுத்தத் தோன்றவில்லை. ஸ்பீக்கரிலும் எட்டுப் பேர் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள்.

"என்னம்மா ஆச்சு?" என்று சத்தம் கேட்டு ஓடிவந்தாள் நாத்தனார். திரையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். "யாரிது, ராஜா மாதிரி?"

"உங்க தம்பிதான்."

"என் தம்பியா!" நாத்தனார் குனிந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். "அடேயப்பா! இவ்வளவு பெரிய ஆளா இதுல?"

"இதுல இவரை அடிச்சுக்க ஆளே இல்லை அண்ணி. அதை யாருக்கும் காட்டாம, அடிபட்ட மாதிரி விழுந்து விழுந்து நடிச்சிருக்கார். நான் பதறியடிச்சு ஓடி வரணுமாம்."

நாத்தனார் பக்கத்து ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள்.

"எட்டு வயசுல காலில முள்ளு குத்திடுச்சும்பான்," என்றாள். "பள்ளிக்கூடத்து வாசல்ல உக்காந்துக்குவான். நான் இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டு வீடு வரைக்கும் வருவேன். எனக்கே பன்னெண்டு வயசு. இறக்கிவிட்டுக் காலைப் பார்த்தா முள்ளும் இருக்காது, ஒண்ணும் இருக்காது."

"தெரிஞ்சுமா தூக்கினீங்க?"

"ரெண்டாவது நாளே தெரியும். கேட்டா அப்புறம் எப்படித் தூக்கறது?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் திரையைப் பார்த்தார்கள். நெஞ்சு விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. சிஸ்டர் அவரை ஒரு சுற்றுச் சுற்றிவரச் செய்து வணக்கம் சொல்ல வைத்தாள். வழக்கம் முடிந்தது. இனி கணக்கை மூட வேண்டியதுதான். அவள் மூடவில்லை.

"டீச்சர், ஒரு விஷயம். சட்டத்தைப் போட்டவ நான், நானே மீறறேன்," என்று சொல்லிவிட்டு, பட்டியலைத் திரும்பத் திறந்து மஞ்சள் மழைக்கோட்டைப் போர்த்தினாள். ஒட்டுப்போட்ட கால்சட்டை, ரப்பர் செருப்பு எல்லாம் வந்து சேர்ந்தன. "அவர் ஆசைப்பட்டுப் போட்டுக்கிட்டது. அதையே போட்டுக்கிட்டு நிக்கட்டும்."

"நிக்கட்டும் சிஸ்டர்," என்றார் பேக்கரிக்காரர்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு எழுந்தபோது மணி பன்னிரண்டாகியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். நாத்தனார் யூனிஃபார்மைப் பையில் வைத்துத் தயாராக நின்றுகொண்டிருந்தாள். கோட்டு நாற்காலியிலேயே தொங்கியது.

"கிளம்பலாம்மா. நீ சொன்னதுதான் சரி. இதுலதான் அவன் அவனா இருப்பான்."

"கோட்டைக் கொடுங்க அண்ணி."

"எனக்காகச் சொல்றியா? வேண்டாம். உன் இஷ்டம்தான் முக்கியம்."

"என் இஷ்டம்தான். இவ்வளவு நாள் துணியைப் பார்த்தே உள்ளே யாருன்னு கண்டுபிடிச்சிடலாம்னு நினைச்சேன். கண்டுபிடிச்ச லட்சணத்தைத்தான் பார்த்தீங்களே! அவர் என்னத்தை மாட்டிக்கிட்டாலும் நான் ஓடித்தான் போயிருக்கேன். யூனிஃபார்ம் போட்டா என்ன, கோட்டு போட்டா என்ன? நீங்க ஒரு நாள் கோட்டுல பார்க்கணும்னு நாலு வருஷமாக் காத்திருக்கீங்க. பார்த்துடுங்க."

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிஸ்டர் காலரில் தொங்கிய கடைச் சீட்டைப் பிய்த்துக் குப்பையில் போட்டாள்.

நிலையத்தில் மேசைமேல் அவர் படுத்திருந்தார். உதவிக்கு நின்ற ஆள் முதுகைத் தூக்கிப் பிடிக்க, இரண்டு பெண்களும் ஆளுக்கொரு கையாகக் கோட்டை ஏற்றினார்கள். இளைத்திருந்ததால் இடது தோள் கொஞ்சம் தொங்கியது. நாத்தனார் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள்.

"நல்லா இருக்கான் இல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கார் அண்ணி. மாப்பிள்ளை கெட்டார் போங்க," என்றாள் சிஸ்டர். முழு மனதோடுதான் சொன்னாள்.

பட்டன் போடும்போதுதான் கவனித்தாள். புதுக் கோட்டு இல்லையா, இரண்டு பாக்கெட்டின் வாயையும் கடையில் தைத்து மூடியபடியே விட்டிருந்தார்கள்.

"சின்னக் கத்தரிக்கோல் ஒண்ணு கொடுங்க," என்றாள் அந்த ஆளிடம்.

"அது தைச்சே இருக்கட்டும்மா. யாரும் பார்க்கப் போறதில்லை."

"கொடுங்க. அவர் கை வெச்சுக்க இடம் வேண்டாமா?"

தையல் பிரிப்பதில் அவளை மிஞ்ச அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஆள் கிடையாது. முனையை நுழைத்து, ஒவ்வொரு முடிச்சாக நறுக்கி, நூலை, நோயாளிக்கு வலிக்காமல் இழுப்பதுபோல் மெதுவாக உருவினாள். வலது பக்கம் முடித்துச் சுற்றி வந்து இடது பக்கம். நூல் துண்டுகளைப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்து மேசை ஓரத்தில் வைத்தாள்.

திறந்துகொண்டதா என்று பார்க்க இடது பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். ஆழமான பாக்கெட், மணிக்கட்டுவரை போனது. உள்துணி வழவழவென்று குளிர்ந்திருந்தது.

"நேரமாச்சும்மா," என்று ஆரம்பித்தார் அந்த ஆள். நாத்தனார் உதட்டில் விரலை வைத்து அவரைத் தடுத்தாள். வெளியே ஏதோ வண்டி வந்து நின்றது. கதவு திறந்து மூடியது. சிஸ்டர் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.